திங்கட்கிழமை நெஞ்சிறுக்கம்: சேலம், நாமக்கல் பஞ்சுத்தொழிலும் ஒரு நோய்க்குறியின் வரலாறும்

பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் நோய், தொடக்கநிலையில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கும்; அடுத்தடுத்த நாள்களில் தணியும். தொழில்சார் ஒவ்வாமை ஆஸ்துமாவோ வேலைவாரம் நீள நீளப் பெரும்பாலும் மிகும். லங்காஷயர் ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் 1950களில் வகுத்த படிநிலைகள் திங்கட்கிழமையையே அளவுகோலாகக் கொண்டன. ஞாயிறன்று ஆலை ஓயும் என்பது அதன் சொல்லப்படாத முற்கோள்.

சுழல்முறை விடுப்புள்ள நூற்பாலைகளில் ஒவ்வொருவர்க்கும் ‘திங்கள்’ வேறு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடும் இடங்களிலோ (நெசவில் தூசி நூற்பைவிடக் குறைவு எனினும்) தூசியிலிருந்து முழுதாக விலகும் நாளே அரிது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பிசினோசிஸ் இடம்பெற்றது. வெறும் ‘இளைப்பு’ எனப் பதிவானவர்க்கு அவ்வுரிமை எட்டாது. அத்தகைய பதிவை வாசிக்கும் ஆய்வாளர் நோயாளியின் விடுப்பு நாளையும் தேடவேண்டும்.