பதினெட்டுக் குப்பங்களும் ஒரு காடும்: கடலூர்க் கரையின் சுனாமிச் சான்றை மீள வாசித்தல்

2004 டிசம்பர் 26 அன்று பிச்சாவரம் அலையாத்திக் காடு தனக்குப் பின்னாலிருந்த ஊர்களைக் காத்தது என்பது பேரிடர் ஆய்வில் ஏறத்தாழ முடிந்த தீர்ப்பாக வழங்கிவருகிறது. அலையாத்தி என்ற பெயரே அந்தத் தீர்ப்பை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சான்று அவ்வளவு தூரம் போகவில்லை என்பதே என் வாதம்.

அந்தச் சான்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு. அது பரங்கிப்பேட்டைக் கரையோரத்து 18 குப்பங்களின் இழப்புகளைக் கடலிலிருந்து உள்ள தூரம், தரையின் உயரம், தாவரப் பரப்பு ஆகிய மூன்றோடும் பொருத்திப் பார்த்தது. குடியிருப்புகள் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேட்டில், அடர்ந்த தாவரத்துக்குப் பின்னால் அமைய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. நிபந்தனைகள் மூன்று. பின்வந்தவர்கள் முதலிரண்டையும் நழுவவிட்டு மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதே எண்களை 2006இல் மறுபடி பகுத்தபோது, தூரமும் உயரமும் விளக்கியது போகத் தாவரம் விளக்குவதற்கு மிகச் சொற்பமே மிஞ்சியது.

இதன் காரணத்தை நிலத்திலேயே பார்க்கலாம். சுரபுன்னையும் கண்டலும் உப்பங்கழியின் உட்புறத்தில் வளர்பவை. அவற்றுக்குப் பின்னாலுள்ள ஊர் ஏற்கெனவே கடலைவிட்டுத் தள்ளியிருக்கும். எதிர்ச்சான்று எம்.ஜி.ஆர். திட்டு. அந்த மீனவக் குடியிருப்பு காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டின்மேல் இருந்தது. காடு முதுகுப்புறம், அலை நேர் எதிரே. சுனாமி அதைச் சூறையாடியது. பிழைத்தவர்கள் கிள்ளைப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். காட்டுக்குப் பக்கத்தில் இருப்பது வேறு, காட்டின் மறைவில் இருப்பது வேறு.

18 என்பது சிறிய எண்ணிக்கை. அதைக்கொண்டு காட்டுக்குப் பங்கே இல்லை என்பதும் மிகையாகும். இப்படி வாதிட்டால் காடு அழியும் என்ற அச்சத்தில் சாரமில்லை. இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாக இருப்பது ஒன்றே பிச்சாவரத்தைக் காப்பதற்குப் போதுமான காரணம்.

இதைவிட ஆழமான குறை, இருதரப்பும் குப்பத்தையே அலகாகக் கொண்டதுதான். கடலூரில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என ஆக்ஸ்பாம் 2005இல் பதிவுசெய்தது. ஒரே ஊரில் கணவனுக்கும் மனைவிக்கும் தூரமும் உயரமும் காடும் ஒன்றே. வேறுபட்டது அந்தக் காலைப்பொழுதில் அவரவர் நின்ற இடம். ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே சுனாமி தெரிவதேயில்லை. படகு வருமென்று பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். இந்த வேறுபாட்டை எந்தத் தாவர வரைபடமும் காட்டாது.

காப்பு இருப்பதும் அது வேலை செய்வதும் ஒன்றல்ல என்பதை இதே பகுதியின் கடலூர்–சிதம்பரம் ரயில் தடம் மீண்டும் காட்டியது. 2025 ஜூலை 8 காலை செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது அன்று இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அத்தகைய கேட் மூடாமலிருந்தாலும் ரயிலுக்குச் சிக்னல் கிடைத்துவிடும். அங்கே குடும்பங்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஒற்றைக் காப்பை நம்பச் சொல்லி மக்களை விட்டுவிடும் திட்டமிடலைத்தான் குறைசொல்ல வேண்டும்.

ஆகவே தயார்நிலைத் திட்டம் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்: காலை ஒன்பது மணிக்கு யார் எங்கே, பாட்டியைத் தூக்குவது யார், எந்த மேட்டுக்கு எந்தத் தெரு. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. அதன் செய்தி, கரையில் மீன்கூடையோடு நிற்கும் பெண்ணின் காதுக்கு எத்தனை நிமிடத்தில் எட்டுகிறது என்பதே இனி அளக்கப்பட வேண்டியது.