செங்கல் யானையின் சாட்சியம்

போரில் மடிந்தோருக்கு நினைவுச்சின்னம் எழுப்புவது மனித குலத்தின் பழைய வழக்கம். ஆனால் அச்சின்னம் யாரை நினைக்கிறது, யாரை மறக்கிறது என்று நாம் வினவுவது அரிது. ஜெர்மனியின் பிரேமன் நகரில் நிற்கும் செங்கல் யானை அவ்வினாவை நம்முன் வைக்கிறது.

பிரேமன் வணிகர் அடோல்ஃப் லூடெரிட்ஸ், 1883-ஆம் ஆண்டில் இன்றைய நமீபியாவின் கடற்கரையில் நாமா மக்களின் தலைவர் ஒருவரிடமிருந்து நிலம் வாங்கினார். ஒப்பந்தத்தில் கண்ட 'மைல்' தாம் அறிந்த ஆங்கில மைல், அதாவது ஏறத்தாழ 1.6 கி.மீ., என்றே தலைவர் எண்ணினார். வணிகரோ 7.4 கி.மீ. நீளமுள்ள ஜெர்மன் மைலைக் கொண்டு அளந்தார். மறு ஆண்டே அங்கு ஜெர்மனியின் ஆட்சி கால்கொண்டது. 1904-இல் ஹெரேரோ மக்களும், அவர்களைத் தொடர்ந்து நாமா மக்களும் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று தளபதி ஃபான் ட்ரோத்தா, ஹெரேரோக்களை அழித்தொழிக்க ஆணையிட்டார். பல்லாயிரவர் ஓமஹேகே பாலைநிலத்தில் நீரின்றி மாண்டனர். பிடிபட்டோருள் பலர் முகாம்களில் மடிந்தனர்.

1919-ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையால் ஜெர்மனி தன் குடியேற்ற நாடுகளை இழந்தது. அந்த ஏக்கத்தில் பிறந்ததே 1932-இல் திறக்கப்பெற்ற இந்த யானை. அதன் அடியிலுள்ள அறையில், அந்நாடுகளில் உயிரிழந்த ஜெர்மானிய வீரரின் பெயர்கள் கொண்ட ஏடு வைக்கப்பட்டது. பாலையில் மாண்டோருக்கு அங்கே இடமில்லை. இழந்ததற்காக அழுத சின்னம், இழைத்ததற்காக அழவில்லை.

நமீபியா 1990 மார்ச்சில் விடுதலை பெற்றது. மே மாதத்தில் பிரேமன் நகரம் யானையை இடிக்காமல், குடியேற்ற எதிர்ப்புச் சின்னமாக அறிவித்தது. 1996-இல் நமீபியக் குடியரசுத் தலைவர் சாம் நுஜோமா, பலியானோர் நினைவுப் பலகையை அங்கே திறந்து வைத்தார். 2009-இல் ஓமஹேகேயின் கற்களே யானைக்கு அருகில் நினைவிடமாயின.

நமீபியத் தலைநகர் வின்ட்ஹூக்கில் 1912-இல் நிறுவப்பட்ட ஜெர்மானியக் குதிரைவீரன் சிலையோ, 2013 டிசம்பர் 25 அன்று பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. இதில் முரண்பாடு இல்லை. துன்புற்றவரின் முற்றத்தில் அத்தகைய சின்னம் அவமதிப்பு. துன்புறுத்தியவரின் முற்றத்தில் அதுவே சாட்சி.

2021-இல் ஜெர்மன் அரசு அக்கொடுமையை இனப்படுகொலை என ஏற்று, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ வழங்க முன்வந்தது. தங்களைக் கலந்து பேசாமல் வகுத்த ஏற்பாடு இது என்று ஹெரேரோ, நாமா தலைவர் பலர் மறுத்தனர். அன்று நிலத்தை அளந்த கோல் ஒரு தரப்பின் கையில் இருந்தது. இன்று இழப்பை அளக்கும் கோலையேனும் இழந்தவரும் சேர்ந்து பிடிக்க வேண்டாமா?