வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்: மார்பகப் பரிசோதனையும் தோட்டப்புறப் பெண்களும்

கோல சிலாங்கூர்: குளிக்கும்போது மார்பில் சிறு கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ‘வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன.

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வட்டாரப் பெண்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டியாக இருக்கலாம், இளம் பெண்களிடம் காணப்படும் தீங்கற்ற நார்க்கட்டியாகவும் இருக்கலாம். மெமோகிராம் எடுத்த பிறகு மீண்டும் வரச் சொல்லி அழைத்தாலும், அப்படி அழைக்கப்படுவோரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் அது என்ன கட்டி என்பதைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஸ்கேன் செய்து, தேவைப்பட்டால் பயாப்சி எனப்படும் திசுச் சோதனையும் செய்தால்தான் உறுதியாகத் தெரியும்.

புள்ளிவிவரம் சொல்வது என்ன?

மலேசியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நாட்டில் 100,000 பெண்களுக்கு 34.1 பேர் என்ற விகிதத்தில் இந்நோய் பதிவானது. இந்தியப் பெண்களிடையே அது 38.1.

அதே காலக்கட்டத்தில் 47.9 விழுக்காட்டினருக்கு நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய இருவரில் ஒருவர் தாமதமாக வந்திருக்கிறார்.

தாமதத்தின் விலையைச் சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. முதல் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருப்போர் 87.5 விழுக்காடு. நான்காம் கட்டத்தில் அது 23.3 விழுக்காடு மட்டுமே.

எப்போது, என்ன பரிசோதனை?

20 வயதிலிருந்தே மாதம் ஒருமுறை சுயபரிசோதனை செய்துகொள்வது நல்லது. மாதவிடாய் தொடங்கிய 7 முதல் 10 நாள்களுக்குள் செய்வது பொருத்தம். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கட்டி மட்டுமே அறிகுறி அல்ல. அக்குளில் வீக்கம், தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

சுகாதாரக் கிளினிக்கில் தாதியரோ மருத்துவரோ செய்யும் மார்பகப் பரிசோதனையை 20 முதல் 39 வயது வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 40 வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் செய்துகொள்ளலாம். 50 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மெமோகிராம் எடுக்கலாம். தாய்க்கோ அக்காள் தங்கைக்கோ இந்நோய் வந்திருந்தால், அதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி ஆலோசனை பெற வேண்டும்.

‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை’, ‘பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் கொடுத்தேன்’ என்று சிலர் பரிசோதனையைத் தவிர்ப்பதுண்டு. தாய்ப்பால் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கிறது, அடியோடு நீக்கிவிடுவதில்லை. நோய் வருவோரில் பெரும்பாலோர் குடும்பத்தில் அது முன்பு இருந்ததே இல்லை.

கிள்ளான் காட்டிய வழி

தோட்டத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் பலமுறை போய்வர வேண்டும் என்பதே பலருக்கு மலைப்பு. ஒருநாள் சம்பளம் போகும், வாகனம் வேண்டும், மருத்துவர் சொல்வது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். இதனால் பாதியில் நின்றுவிடுவோர் உண்டு.

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் கேன்சர் ரிசர்ச் மலேசியா அமைப்பு 2014இல் தொடங்கிய நோயாளி வழிகாட்டித் திட்டம் இதற்கு ஒரு விடை தந்தது. பரிசோதனைத் தேதி வாங்குவது, பயத்தைப் போக்குவது, வராதவர்களைத் தொடர்புகொள்வது என ஒவ்வொரு படியிலும் வழிகாட்டி ஒருவர் துணை நின்றார். திட்டத்தின் முதல் ஆண்டில் உரிய காலத்தில் மெமோகிராம் எடுத்தவர்கள் 74.4 விழுக்காட்டிலிருந்து 96.4 விழுக்காடாக உயர்ந்தனர். சிகிச்சையைக் கைவிட்டவர்கள் 11.5 விழுக்காட்டிலிருந்து 4.4 விழுக்காடாகக் குறைந்தனர். புதிய மருந்து எதுவும் வரவில்லை. கூட வர ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான். அந்த வேலையைக் கணவரோ, மகளோ, பக்கத்து வீட்டு அக்காவோ செய்யலாம்.

செலவுக்கு என்ன வழி?

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். சொக்சோ சந்தா செலுத்தும் 40 வயதைக் கடந்த பெண்களுக்கு, 2013இல் தொடங்கிய அதன் சுகாதாரப் பரிசோதனைத் திட்டத்தில் மெமோகிராமும் உண்டு. தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் இதுபற்றிக் கேட்கலாம். வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் மெமோகிராம் உதவித்தொகையையும், மாநில அரசின் சிலாங்கூர் சாரிங் முகாம்களையும் விசாரிக்கலாம்.

நோய் உறுதியானால், 2019இல் அறிமுகமான பெக்கா பி40 திட்டத்தில் தகுதி பெற்றவர்கள் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சையை முடிக்க 1,000 ரிங்கிட்டும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையிலும் பெறலாம்.

கட்டி தெரிந்தால் அந்த வாரமே கிளினிக்கிற்குப் போக வேண்டும். ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னால் நிம்மதியாக வீடு திரும்பலாம். ஏதேனும் இருந்தாலும், நேரம் இன்னும் கையில் இருக்கும்.