மரபுரிமைத் துவக்கும் புதுமருந்தும்
மாத்தளையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியை ஆராய்வோர், அதற்கு வித்திட்ட வரிகளை முதலில் எடுத்துரைப்பர். தோரிங்டன் தேசாதிபதியின் ஆட்சியில் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் கட்டணம் விதிக்கப்பட்டபோது, துவக்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 2 சிலிங் 6 பென்ஸ் செலுத்துமாறும் பணிக்கப்பட்டது. சேனைப் பயிரையும் வயலையும் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காத்த குடியானவனுக்குத் துவக்கு ஒரு வேளாண் கருவியே. எனவே, அவ்வரி அவனது உழைப்பின்மீது விழுந்த வரியாயிற்று. அவ்வாண்டு யூலை 26ஆம் நாள் தம்புள்ளையிற் கொங்காலேகொட பண்டா முடிசூடினான்; கிளர்ச்சியாளர் மாத்தளை நோக்கிச் சென்றனர். ஆகத்து 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். 1850இல் தோரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார்.

துவக்கு யாருடையது, எத்தனை உள்ளன என்பனவே அன்றைய ஆட்சியாளர் எழுப்பிய வினாக்கள். 'இக்குழல் எத்தகைய மருந்தைத் தாங்கும்?' என்ற வினா அன்று எழவில்லை. எழவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஏனெனில், வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கருமருந்து ஒன்றே அக்காலத்து வழக்கிலிருந்தது. கண்டி நாட்டுக் கொல்லர் ஆக்கிய நெடுங்குழலும், கோப்பித் தோட்டத் துரைமார் கொண்டுவந்த இரட்டைக்குழலும் அம்மருந்துக்கென்றே அமைந்தவை.

நிலைமை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாறிற்று. 1884இல் பிரான்சிய வேதியியலறிஞர் போல் வியேல் ஆக்கிய புகையில்லா மருந்து, சமமான நிறையிற் கருமருந்தைவிடப் பெரிதும் ஆற்றல் மிக்கது. வாய்வழி மருந்திடும் பழைய துவக்கினுள், தோட்டாவிலிருந்து பிரித்தெடுத்த புதுமருந்தை இடுவது உயிருக்கே கேடாய் முடியக்கூடும். இரும்பும் எஃகுமான கீற்றுகளை முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி இணைத்த 'டமாஸ்கஸ்' குழல்கள் கண்ணுக்கு இனிய கோலங் காட்டுவன. ஆயினும், கருமருந்தின் எச்சம் ஈரத்தை ஈர்த்து அவ்விணைப்புகளின் உள்ளே துருவை வளர்த்திருத்தல் கூடும். புறத்தே பளபளக்கும் குழல் அகத்தே நலிந்திருப்பதைக் கண்ணால் அறிய இயலாது.

இதனினும் நுண்ணியதோர் இடர் தோட்டாவின் நீளத்தில் உள்ளது. பழைய 12ஆம் இலக்கத் துவக்குகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீற்றர் நீளமானது. இன்று பரவலாக வழங்கும் தோட்டா 70 மில்லிமீற்றர். இவ்வளவு, வெடித்தபின் வாய் விரிந்த கூட்டின் அளவாகும். வெடிக்குமுன் அதன் வாய் மடிந்திருத்தலால், நீண்ட தோட்டாவும் குறுகிய அறையினுள் தடையின்றிச் செல்லும். சுடும்போது மடிப்பு குழலின் ஒடுங்கிய பகுதியுட் சென்று விரிந்து வழியை நெருக்க, அமுக்கம் உயரும். 'உள்ளே போகிறதே, பொருந்திவிட்டது' என்னும் எண்ணமே இங்கு ஆபத்தாகின்றது.

வரலாற்று மாணவர் சாசனத்தைப் படிப்பதுபோலக் குழலையும் படித்தல் வேண்டும். 1637இல் பட்டயம் பெற்ற இலண்டன் துவக்குவினைஞர் கழகமும், 1813இல் நிறுவப்பட்ட பேர்மிங்காம் சோதனைச்சாலையும் குழல்களைச் சோதித்து முத்திரையிட்டன. 'நாட் நைட்ரோ' என்ற பொறிப்பு, கருமருந்துக்கு மாத்திரமே அக்குழல் உரியதென அறிவிக்கும். புகையில்லா மருந்துக்கான முத்திரை இருப்பினும், அது சோதித்த நாளின் நிலைக்கே சான்று. பின்னர் நேர்ந்த துருவுக்கும் தேய்வுக்கும் அது பொறுப்பேற்காது. அறையைக் கடைந்து நீட்டுவதும் சுவரை மெலிவிக்கும். துவக்கை மரத்திற் கட்டிக் கயிற்றால் இழுத்துச் சுட்டுப் பார்ப்பது சோதனையாகாது. வெடிக்காது தப்பிய குழலில் அவ்வேட்டே மறைவான பிளவைத் தோற்றுவித்திருக்கலாம்.

ஆதலின், தேர்ந்த துவக்குவினைஞர் சுவரின் தடிப்பு, அறையின் நீளம், பூட்டின் இறுக்கம் ஆகியவற்றை அளந்து உறுதி செய்யும்வரை அத்துவக்கிற் சுடாதிருத்தலே அறிவுடைமை. அவர் இசைந்த பின்னரும் அறைக்கேற்ற நீளமும் குழல் தாங்கும் அமுக்கமும் கொண்ட தோட்டாவையே பயன்படுத்தல் வேண்டும். எஃகுச் சன்னம் பழங்குழலுக்கு ஆகாது. அவர் ஐயுறின், துவக்கைச் சுடாத நினைவுப்பொருளாகவே கொள்ளுதல் தகும்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் ஆளுக்கே உரியது. தந்தையின் துவக்கோடு அது மைந்தனுக்கு இறங்குவதில்லை. பாட்டன் அத்துவக்கால் ஐம்பது ஆண்டு பன்றி சுட்டான் என்பது பெருமைக்குரிய குடும்பக்கதையாகலாம். ஆயின், அவன் இட்ட மருந்து வேறு, பேரன் வாங்கும் தோட்டா வேறு. 1848இற் பதிவேடு கேளாது விட்ட வினாவை, இன்று துவக்கைக் கையேற்பவன் தானே கேட்டு விடை காணல் வேண்டும். மரபைப் பேணுதல் என்பது முன்னோர் செய்ததை அவ்வாறே செய்தலன்று. அவர் எச்சூழலில் அதனைச் செய்தனர் என்பதை உணர்ந்து நடத்தலேயாம்.