தூண்டில் விழுங்கிய வரால்

ஆங்கிலேயருக்குத் தூண்டில் என்றதும் நினைவுக்கு வருவது ட்ரவுட் மீன். தாம் போன இடமெல்லாம் அதையும் கொண்டு போனார்கள். நீலகிரி ஓடைகளில் அதை வளர்க்க 1860களில் பிரான்சிஸ் டே முதலியோர் முயன்றனர். அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. ஆயினும் அங்கே வேரூன்றியது வானவில் ட்ரவுட்டே. பழுப்பு ட்ரவுட் நிலைக்கவில்லை.

அரியலூர், பெரம்பலூர்ச் சமவெளியின் ஏரிகளில் ட்ரவுட்டுக்கு இடமேது? இங்கே தூண்டிற்காரனின் கனவு விரால். இலக்கியம் அதை வரால் என்னும்.

அகநானூற்றின் 36ஆம் பாடலில் ஒரு பெரிய வராலைத் தூண்டிலில் சிக்கவைக்கிறார் நக்கீரர். இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்கிய மீன் துள்ளி எழுகிறது. ஆம்பல் இலை கிழிகிறது, குவளை மலர்கள் சிதைகின்றன, வள்ளைக் கொடிகள் குலைகின்றன. இழுத்தால் வரவில்லை, கயிறிட்ட சினக்காளை போல விடியற்காலைக் குளத்தைக் கலக்குகிறது. தூண்டில்காரனைப் புலவர் வேட்டுவன் என்றே அழைக்கிறார். வலை வீசுவோன் வேறு, ஒற்றை மீனோடு மல்லுக்கு நிற்பவன் வேறு என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

மதராஸ் ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி 1873இல் ஒரு நூலும், குளத்துத் தூண்டில் பற்றி 1887இல் மற்றொரு நூலும் எழுதினார். நம் குளங்களின் மீனும் தனி நூலுக்கு உரிய பொருள் என்று அவர் கருதியது குறிப்பிடத்தக்கது.

விராலுக்கு உகந்த இரை உயிர்த் தவளை. காற்றையும் சுவாசிக்கும் மீனாதலால் அது அடிக்கடி நீர்மட்டத்துக்கு வரும். அல்லியிலைகளினூடே தவளையைத் துள்ளவிட்டால் பாய்ந்து கவ்வும். இன்று ரப்பர்த் தவளை அந்த வேலையைச் செய்கிறது.

இங்கேதான் ஒரு நெருடல். விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் மீன். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் நகர, கீழே பெற்ற மீன் காவல் நிற்கும். நெருங்கும் எதையும் தாக்கும். அக்கூட்டத்தின் நடுவே தூண்டிலை இட்டால் மீன் பசியால் கவ்வுவதில்லை, காவலால் கவ்வுகிறது. அது கரையேறினால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். பிடித்தது ஒன்று, அழிந்தது ஒரு தலைமுறை.

நக்கீரர் பாடிய வராலும் ஆண் மீனே. அவர் ஆளும் 'போத்து' என்னும் சொல் நீர்வாழ் உயிர்களின் ஆணுக்கும் உரியது என்கிறது தொல்காப்பிய மரபியல். ஆனால் அந்த மீன் இரை தேடி வந்து சிக்கியது. குஞ்சுகளைக் காக்க வந்த மீனைப் பிடிப்பவனை வேட்டுவன் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்கு நடப்பதே அப்பெயருக்கு அழகு.