லேன் பிரையன்ட்

பருமனான பெண்களுக்கான ஆயத்த ஆடைகளால் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனம். லித்துவேனியாவில் பிறந்து 1895-இல் நியூயார்க் வந்த லீனா ஹிம்மல்ஸ்டைன் பிரையன்ட் தொடங்கியது. கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்றவர், வைரத் தோட்டை அடகு வைத்துத் தையல் இயந்திரம் வாங்கி, 1904-இல் கடை திறந்தார். முதலில் பேர் வாங்கித் தந்தது கர்ப்பகால உடை; அதற்கு விளம்பரம் போடக்கூட நாளிதழ்கள் 1911 வரை கூச்சப்பட்டன.

இரண்டாம் கணவர் ஆல்பர்ட் மால்சின் பொறியாளர். உடம்போடு வளைந்து கொடுக்கும் அளவுகோலால் சுமார் 4,500 வாடிக்கையாளர்களை அளந்தார். காப்பீட்டு நிறுவனமொன்றிடமிருந்து ஏறத்தாழ 2 லட்சம் பெண்களின் அளவுகளையும் வாங்கிச் சேர்த்து, பருமனை மூன்று வகையாகப் பிரித்தார். சின்ன அளவை அப்படியே பெரிதாக்கி வெட்டினால் தோள் தொங்கும், அக்குள் பிடிக்கும். தையற்காரர் எவருக்கும் இது தெரியும். தொழிற்சாலைகள்தாம் கண்டுகொள்ளவில்லை. 1923-இல் பெரிய அளவு உடைகளின் விற்பனை கர்ப்பகால உடைகளை முந்திவிட்டது.

ஆனாலும் அக்கால விளம்பரங்கள் விற்றது ஒல்லியாகத் தெரியும் ஆசையைத்தான். உடம்பை மறைக்காமல் காட்டிய பிரசாரம், ஆஷ்லி கிரகாம் உள்ளிட்ட மாடல்களோடு, 2015-இல் வந்தது.