ஒரே செடி, ஊருக்கு ஒரு சாயம்



ஜவ்வாது மலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இப்படி ஒரு கேள்வி வரலாம். "ஊட்டியும் மலைதான், நம்மளுதும் மலைதான். சாமையை விட்டுட்டுத் தேயிலை போட்டா என்னங்க?" நியாயமான கேள்விதான். பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1835-ல் கல்கத்தாவிலிருந்து சீனத் தேயிலை தென்னாட்டுக்கு வந்தது. நீலகிரியில் கேத்தி அரசுப் பண்ணையில் நட்டார்கள். கொஞ்ச நாளில் பண்ணையையே மூடிவிட்டார்கள். கேட்பாரற்றுக் கிடந்த செடிகளைப் பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞர் பிற்பாடு வந்து சீர்செய்தார், தழைத்துக்கொண்டன. கவனிப்பு இல்லாமலே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன பாருங்கள், அது அந்த மண்ணும் மழையும் செய்த வேலை.

இலங்கையில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் போட்டார். 1869-ல் காப்பியில் இலைத்துரு நோய் புகுந்து தோட்டங்களை அழிக்க, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. அங்கே கொழுந்து பறிக்கப் போனவங்க பெரும்பாலும் நம்ம ஜனங்கதான். மலை உச்சியில் தொடங்கிய பயிர் கீழே இரத்தினபுரி, காலி வரை இறங்கியது. 2,000 அடிக்குக் கீழே ஒரு சரக்கு, 4,000 அடி வரை ஒன்று, அதற்கு மேலே ஒன்று என்று மூன்றாகப் பிரித்து விற்கிறார்கள்.

ஏன் பிரிக்கணும்? கொழுந்தில் கேட்டச்சின் என்ற துவர்ப்புச் சத்து இருக்கிறது. இலையை வாட்டி, நசுக்கி, காற்றுப்பட வைத்தால் அது மாறி, தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்று இரண்டு பொருள் உண்டாகும். முன்னது பளபளப்பும் சுறுக்கென்ற சுவையும் தரும். பின்னது கருஞ்சிவப்புச் சாயம் தரும். இவைதான் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். இரும்பில் துரு ஏறாமல் அடிக்கிற வர்ணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். (நோய் தீர்க்கும் மருந்து என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.)

வெயிலும் வெக்கையும் இருந்தால் கொழுந்து மளமளவென்று வரும், துவர்ப்பு ஏறும், சாயம் கெட்டியாக இறங்கும். குளிரில் மெதுவாக வளர்கிற இலையில் சாயம் குறைவு, வாசனை அதிகம். மார்கழி, தைப் பனியில் பறிக்கும் நீலகிரி இலைக்குத் தனி மணம் உண்டு. ஆனால் உயரம் மட்டும் கணக்கில்லை. அசாம் ரகத்தில் சீன ரகத்தைவிடக் கேட்டச்சின் கூடுதல். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறிக்காமல் முற்றின இலையை உருவினால், எந்த மலையாக இருந்தாலும் சத்து குறையும்.

இப்போ நம்ம மலைக்கு வருவோம். வானாராய்ச்சி நிலையம் இருக்கிற காவலூர் 725 மீட்டர், சுமார் 2,400 அடி. இலங்கைக் கணக்கில் அது நடுமலை. அப்படியானால் வருமே என்பீர்கள். இரத்தினபுரியில் வருஷம் பூரா மழை. நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நமக்கோ தை பிறந்தால் சித்திரை வரை வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். தேயிலை வருஷம் முழுக்க ஈரம் கேட்கும்; அமில மண் கேட்கும், கார அமில நிலை 4.5-லிருந்து 5.5-க்குள். காய்ந்த நாலு மாசத்தைச் சாமை தாங்காது. ஆனால் அதற்குள் அறுவடையே முடிந்துவிடுகிறது. தேயிலைச் செடி எங்கே போகும்?

கன்று விற்க யாராவது வந்தால், கையில் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள். மாசி, பங்குனியில் தண்ணி எங்கிருந்து வரும் என்றும் அவரையே கேளுங்கள்.